சொந்த மாஸ்டடான் சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாஸ்டடான் என்ற சமூக ஊடக மென்பொருளை யார் வேண்டுமானாலும் தம் சர்வரில் நிறுவலாம். அப்படி நிறுவிய ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை வழியாக ஒன்றோடொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இந்தக் கூட்டத்துக்குத்தான் ஃபெடிவர்ஸ் என்று பெயர். சர்வர் நடத்துகிறவர்களும் நடத்த விரும்புகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் 40 பேர் இருக்கிறோம். எங்களுக்கென ஒரு மாஸ்டடான் சர்வர் வைக்க எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்?
— நாகர்கோவில் வாசகர்

2 கோர், 4 ஜி.பி. ரேம் உள்ள வாடகை வி.பி.எஸ். (மெய்நிகர் சர்வர்) போதும். 2 ஜி.பி.யிலும் ஓடும். ஆனால் ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் இணையப் பக்கக் கோப்புகளைத் தொகுக்கும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து வேலை பாதியில் செத்துப்போகும். டிஸ்கில் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் ஸ்வாப் வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். தேடல் வசதிக்காக எலாஸ்டிக்சர்ச் சேர்ப்பதானால் இன்னும் 2 ஜி.பி. ஒதுக்குங்கள். 40 பேருக்கு அது அவசியமில்லை என்பது எங்கள் கருத்து.

மாஸ்டடானை ஒரே மென்பொருள் என்று நினைக்காதீர்கள். பக்கங்களைத் தரும் பூமா, பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக், நேரலையாகப் பதிவுகளைத் தள்ளும் ஸ்ட்ரீமிங், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ், வேலை வரிசைகளையும் டைம்லைன்களையும் நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ், முன்வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்று ஆறு பாகங்கள் ஒன்றாக ஓட வேண்டும். இத்தனையைப் பராமரிக்க ஆளில்லை என்றால் கோடுசோஷியல் என்ற சிறிய மாற்று மென்பொருளைப் பாருங்கள். ஒரே கோப்பாக வரும், எஸ்க்யூலைட் என்ற எளிய டேட்டாபேஸிலேயே ஓடும், சில நூறு எம்.பி. ரேமில் அடங்கிவிடும். பதிவிடும் பக்கம் அதில் கிடையாது. உறுப்பினர்கள் டஸ்கி போன்ற செயலி வழியாகத்தான் எழுத வேண்டும்.

புதிதாக நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மின்னஞ்சலில். பல வி.பி.எஸ். நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. கணக்கு தொடங்கியவருக்கு உறுதிப்படுத்தும் அஞ்சல் போகாது, அவரால் உள்ளே நுழைய முடியாது. அஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றில் பதிந்து 587ஆம் போர்ட் வழியாக அனுப்புங்கள். அஞ்சல் உண்மையிலேயே உங்களுடையது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம் பதிவுகளை டொமைனில் சேர்த்த பிறகே உறுப்பினர்களை அழையுங்கள்.

முதல் வருடம் மலிவாகக் கிடைக்கும் டொமைன் ஒன்றை வாங்கித் தொடங்கலாமா? வளர்ந்த பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?
— திருச்சி வாசகர்

மாற்ற முடியாது. மாஸ்டடானில் லோக்கல் டொமைன் என்ற அமைப்பில் ஒருமுறை எழுதிய பெயர்தான் உங்கள் ஒவ்வொரு உறுப்பினரின் அடையாளத்தின் பின்பாதி. மற்ற சர்வர்கள் எல்லாம் அந்தப் பெயரோடுதான் உங்களை நினைவில் வைத்திருக்கும். மாற்றினால் அவர்கள் கண்ணுக்கு நீங்கள் யாரோ ஒரு புதிய ஆள். பழைய பின்தொடர்தல் எதுவும் வேலை செய்யாது. முதன்மைப் பெயர் ஏற்கெனவே உங்கள் வலைத்தளத்துக்குப் போய்விட்டதென்றால், மாஸ்டடானை ஒரு துணை டொமைனில் ஓடவிட்டு அடையாளத்தில் மட்டும் முதன்மைப் பெயர் வரச் செய்யலாம். அதற்கு வெப் டொமைன் அமைப்பு இருக்கிறது. ஒரு கணக்கு எங்கே இருக்கிறது என்று மற்ற சர்வர்கள் கேட்கும் வெப்ஃபிங்கர் கோரிக்கையை முதன்மைத் தளத்திலிருந்து திருப்பிவிட வேண்டும். இதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

டொமைனின் வால், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி, யார் கையில் என்றும் பாருங்கள். ஆப்கானிஸ்தானின் ஏ.எஃப். வாலை வைத்திருந்த குவியர் டாட் ஏ.எஃப். என்ற மாஸ்டடான் சர்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அமைச்சகம் முடக்கியது. இலவசமாகக் கிடைத்த மாலி நாட்டின் எம்.எல். பெயர்களை நம்பிய, ஃபெடிவர்ஸின் இன்னொரு மென்பொருளான லெம்மியை ஓட்டும் சர்வர்கள் சிலவற்றுக்கு 2023இல் இதேபோன்ற கதி நேர்ந்தது. சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது; முகவரிதான் போய்விட்டது.

உறுப்பினர்கள் 12 பேர்தான். 80 ஜி.பி. டிஸ்க் இரண்டே மாதத்தில் நிரம்பிவிட்டது. யார் இவ்வளவு படம் ஏற்றுகிறார்கள்?
— சிங்கப்பூர் வாசகர்

உங்கள் உறுப்பினர்கள் ஏற்றியது அதில் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவர்கள் பின்தொடரும் வெளியாட்களின் படம், காணொளி, முகப்புப் படம் எல்லாவற்றையும் உங்கள் சர்வர் நகலெடுத்து வைக்கிறது. மாஸ்டடானோடு வரும் டூட்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியின் மீடியா யூசேஜ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்.

தீர்வு அட்மின் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளடக்கத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற அமைப்பில் மீடியா நகலுக்கு 7 என்று எழுதுங்கள். அதைவிடப் பழைய வெளிநகல்கள் தினமும் தானாக நீங்கும். யாராவது பழைய பதிவைத் திறந்தால் மூல சர்வரிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம், எனவே இழப்பில்லை. இணைப்பு முன்னோட்டப் படங்களுக்குத் தனிக் கட்டளை உண்டு. அதை மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். அதே பக்கத்தில் வெளிப் பதிவுகளையே அழிக்கும் கட்டமும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். உறுப்பினர்கள் புக்மார்க் செய்த பதிவுகளும் சேர்ந்து போய்விடும்.

பல சர்வர்களின் பொதுப் பதிவுகளைத் திரட்டி அனுப்பும் ரிலே ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா? டைம்லைன் காலியாக இருக்கிறதே என்று பலர் பெரிய ரிலே ஒன்றை இணைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு யாரும் படிக்காத பதிவுகள் இரவும் பகலும் வந்து கொட்டும். 12 பேருக்கு ரிலே வேண்டாம்; ஹேஷ்டேக்குகளைப் பின்தொடரச் சொல்லுங்கள்.

நண்பர்களின் பதிவுகள் மூன்று நான்கு மணி நேரம் தாமதமாக வருகின்றன. சர்வரில் சி.பி.யு. சும்மாதான் இருக்கிறது. என்ன கோளாறு?
— கோவை வாசகர்

அட்மின் பக்கத்தில் உள்ள சைட்கிக் திரையைத் திறந்து ஒவ்வொரு வரிசையின் காத்திருப்பு நேரத்தையும் பாருங்கள். வரிசையில் எத்தனை வேலை நிற்கிறது என்பதைவிட, முதலில் நிற்பது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதே முக்கியம். வெளியிலிருந்து வருவது இன்கிரஸ் வரிசை, வெளியே போவது புஷ், உங்கள் உறுப்பினர்களின் டைம்லைனுக்குப் போய்ச் சேர்ப்பது டீஃபால்ட். உங்கள் விவரத்தைப் பார்த்தால் இன்கிரஸ் நிரம்பியிருக்கும் என்று தோன்றுகிறது.

சி.பி.யு. சும்மா இருப்பதில் வியப்பில்லை. சைட்கிக் திரெட்டுகள் (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் இழைகள்) பெரும்பாலும் மற்ற சர்வர்களின் பதிலுக்காகக் காத்துக் கிடப்பவை. உங்கள் உறுப்பினர் ஒருவருக்கு 2,000 சர்வர்களில் பின்தொடர்பவர்கள் இருந்தால், அவர் போடும் ஒரு பதிவு 2,000 அனுப்பும் வேலைகளாகும். அதில் மூச்சுப் பேச்சில்லாத சர்வர் ஒவ்வொன்றும் ஒரு திரெட்டைச் சில விநாடிகள் பிடித்து வைக்கும். தொடர்ந்து 7 நாள் தோற்ற பிறகுதான் மாஸ்டடான் அந்த சர்வரைக் கிடைக்காதது என்று குறித்து அனுப்புவதை நிறுத்தும்.

எனவே திரெட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 5 என்று இருந்தால் 25 ஆக்கலாம். அத்தோடு டேட்டாபேஸ் இணைப்புகளின் உச்ச அளவைச் சொல்லும் டி.பி. பூல் எண்ணையும் அதே 25 ஆக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கூடுதல் திரெட்டுகள் டேட்டாபேஸ் இணைப்புக்காக ஒன்றோடொன்று மோதிப் பிழை காட்டும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். பூமாவுக்கும் அதில் பங்கு உண்டு. இன்னும் வேண்டுமென்றால் இன்கிரஸுக்கு மட்டும் தனியாக ஒரு சைட்கிக் ப்ராசஸ் ஓட்டலாம். எத்தனை ப்ராசஸ் வைத்தாலும், குறித்த நேரத்து வேலைகளைத் தொடங்கும் ஷெட்யூலர் வரிசை ஒன்றில் மட்டுமே ஓட வேண்டும்.

சர்வரின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் நேரத்தோடு சேர்ந்த கையெழுத்து இருக்கிறது. கடிகாரம் மணிக்கணக்கில் விலகினால் மற்ற சர்வர்கள் ஏற்க மறுக்கும்.

தினமும் டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கிறேன். அது போதும்தானே?
— யாழ்ப்பாணம் வாசகர்

போதாது. டேட்டாபேஸ்தான் உயிர், சந்தேகமில்லை. ஆனால் அமைப்புக் கோப்பில் இருக்கும் ரகசியச் சாவிகள் இல்லாமல் அந்த டேட்டாபேஸை மீட்டால் பல கதவுகள் திறக்காது. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் உள்ளே வர முடியாது. கைபேசி அறிவிப்புகள் எல்லோருக்கும் அறுந்துவிடும். 2024 அக்டோபரில் வந்த 4.3 பதிப்பு, டேட்டாபேஸில் மறைகுறியாக்கம் செய்வதற்காக மூன்று புதிய சாவிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே நகலெடுத்து வைத்தவர்கள் அந்தக் கோப்பை இப்போது மறுபடி எடுத்து வைக்க வேண்டும். அடுத்து உறுப்பினர்கள் ஏற்றிய படங்கள். கேஷ் கோப்புறையை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுங்கள். ரெடிஸ் போனால் வரிசையில் நின்ற வேலைகள் போகும். டைம்லைன்களை ஃபீட்ஸ் பில்ட் கட்டளையால் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். அப்படி இன்னொரு இயந்திரத்தில் சோதிக்கும்போது சைட்கிக்கை மட்டும் தொடங்கவே கூடாது. தொடங்கினால் சோதனை நகல் உங்கள் உண்மையான பெயரில் வெளி சர்வர்களுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். நகல்களை சர்வர் இருக்கும் அதே நிறுவனத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். உங்களைத் தவிர இன்னொருவரிடமாவது சர்வரின் சாவி இருக்கட்டும். மாஸ்டடான் தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களுக்கு விதிக்கும் நிபந்தனைகளில் இதுவும் ஒன்று.

புதிய உறுப்பினர் பதிவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேர்தான் சேர்கிறார்கள். மூட வேண்டுமா?
— சென்னை வாசகர்

ஒப்புதல் பெற்றுச் சேரும் முறைக்கு இன்றே மாற்றுங்கள். 2024 பிப்ரவரியில் ஃபெடிவர்ஸ் முழுவதும் ஒரு ஸ்பேம் அலை அடித்தது. பெரிய சர்வர்களை அது நம்பவில்லை. பதிவைத் திறந்து வைத்துவிட்டு அட்மின் மறந்துபோன சின்னச் சின்ன சர்வர்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் தானியங்கியாகக் கணக்குகளைத் தொடங்கி அடித்தார்கள். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் அந்தச் சின்ன சர்வர்களைக் கூண்டோடு தடுத்தார்கள். அதன் பின் வந்த 4.2.8 பதிப்பில், ஒரு வாரம் மாடரேட்டர் யாரும் உள்ளே வராவிட்டால் திறந்த பதிவு தானாகவே ஒப்புதல் முறைக்கு மாறும்படி செய்தார்கள்.

விண்ணப்பத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு உங்கள் வட்டத்துக்கே உரிய பதில் வரும்படி ஒரு வரி எழுதி வையுங்கள். ஸ்பேம் விண்ணப்பம் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

வேறொரு சர்வரில் இருக்கும் சிலர் எங்கள் உறுப்பினர்களைத் தமிழில் சாதி சொல்லித் திட்டுகிறார்கள். அந்த சர்வருக்குப் புகார் அனுப்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. முழு சர்வரையும் தடுத்துவிடலாமா?
— மதுரை வாசகர்

தடுக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. உங்கள் உறுப்பினர்களின் பாதுகாப்பு அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை: திட்டியவர்களின் கணக்குகளை உங்கள் சர்வரில் இப்போதே இடைநீக்கம் செய்யுங்கள். அவர்கள் எழுதுவது இனி உங்கள் பக்கம் வராது.

அடுத்து, புகாரை மறுபடி பாருங்கள். அந்த சர்வரின் மாடரேட்டருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் சாதிப் பெயர் வெறும் பெயர்ச்சொல்லாக வரும்; ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் என்றால் எதுவுமே வராது. அவர் படித்துப் பார்த்து, விதிமீறல் இல்லை என்று மூடியிருக்கலாம். எனவே குறிப்பிட்ட பதிவுகளை இணைத்து, மூல சர்வருக்கும் அனுப்பு என்ற கட்டத்தைத் தேர்ந்து, கருத்துப் பெட்டியில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதுங்கள்: அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் என்ன, யாரை எதற்காக இழிவுபடுத்த அதைச் சொல்வார்கள், அவர்களுடைய எந்த விதியை அது மீறுகிறது. அனுப்பும் புகாரில் உங்கள் சர்வரின் பெயர் மட்டுமே போகும். புகார் சொன்னவரின் பெயர் போகாது. ஆனால் கருத்துப் பெட்டியில் எழுதியது அப்படியே போகும். பாதிக்கப்பட்டவர் யாரென்று அதில் தெரியும்படி எழுதிவிடாதீர்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சர்வர் அளவில் இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி வரம்பிடுதல். அந்த சர்வரின் பதிவுகள் பொது டைம்லைனில் தெரியாது. பின்தொடராதவர்களுக்கு அங்கிருந்து அறிவிப்பு வராது. அங்கிருந்து யார் பின்தொடர வந்தாலும் உங்கள் உறுப்பினர் ஒப்புதல் தர வேண்டும். ஏற்கெனவே நட்பில் இருப்பவர்கள் பாதிக்கப்படுவதில்லை. பெரிய பொது சர்வர் ஒன்றில் கண்காணிப்பு தளர்ந்திருக்கிறது என்றால் இதுவே பொருத்தம்.

இரண்டாவது முழு இடைநீக்கம். இரு பக்கத்துப் பின்தொடர்தல்களும் அறுந்துபோகும். தடையைப் பின்னால் நீக்கினாலும் அவை திரும்பி வராது. அட்மின் பக்கத்தில் அந்த டொமைனைத் திறந்தால், உங்கள் ஆட்கள் அங்கே எத்தனை பேரைப் பின்தொடர்கிறார்கள் என்று தெரியும். அந்த எண்ணைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். 4.3 பதிப்பிலிருந்து, அறுந்த தொடர்புகளின் பட்டியலை உறுப்பினரே இறக்கிக்கொள்ளலாம். அந்த சர்வரே இழிவுபேச்சுக்கென நடத்தப்படுவது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே துண்டியுங்கள். முதன்மை டொமைனைத் தடுத்தால் அதன் துணை டொமைன்களும் சேர்ந்தே அடைபடும்.

தடுத்த பிறகும் அந்த சர்வர் உங்கள் பொதுப் பதிவுகளைக் கையெழுத்தில்லாத கோரிக்கை மூலம் எடுக்க முடியும். அதை அடைப்பதற்கு ஆத்தரைஸ்டு ஃபெட்ச் என்ற அமைப்பை இயக்குங்கள். சர்வருக்குக் கொஞ்சம் வேலை கூடும். பழைய மென்பொருள் சிலவற்றோடு தொடர்பு விட்டுப்போகலாம். அப்படியும், உலாவியில் எல்லோருக்கும் தெரியும் பக்கத்தை யாரும் பார்க்கலாம் என்பதை உறுப்பினர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தடைக்கும் காரணத்தை அங்கேயே எழுதி வையுங்கள். பொதுக் குறிப்பு, மாடரேட்டர்களுக்கான குறிப்பு என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து உங்களுக்கே காரணம் மறந்துபோகும்.

திட்டியவர் உங்கள் சர்வர் ஆளாகவே இருந்தால் எச்சரிக்கை, பதிவு நீக்கம், உறைய வைத்தல், வரம்பிடுதல், இடைநீக்கம் என்று படிகள் இருக்கின்றன. எந்த விதியை மீறினார் என்று குறித்தே நடவடிக்கை எடுங்கள். அவர் 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நடவடிக்கை எடுத்தவர் அல்லாத இன்னொரு மாடரேட்டர் அதைப் பார்ப்பதே நியாயம். உங்கள் விதிகளில் 'பிறரை மதிக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேளையில் அது உதவாது. சாதிப் பெயரால் இழிவு, சாதியைக் கேட்டு நச்சரித்தல் இரண்டையும் வெளிப்படையாகத் தமிழில் எழுதி வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் தடைப்பட்டியலை அப்படியே ஏற்றிவிடலாமா?
— டொராண்டோ வாசகர்

சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றும் வசதி 4.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. பல சர்வர்கள் ஒருமித்துத் தடுத்த சிறு பட்டியல் என்றால் தொடக்கத்துக்கு நல்லது. ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்டது, காரணம் எழுதாதது என்றால் வேண்டாம். ஏற்றும்போது, உங்கள் உறுப்பினர்கள் பின்தொடரும் சர்வர் பட்டியலில் இருந்தால் மாஸ்டடான் சுட்டிக்காட்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வெளி சர்வரிலிருந்து குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படம் எங்கள் சர்வருக்கு வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?
— சேலம் வாசகர்

இந்தக் கேள்வியை ஒவ்வொரு அட்மினும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் இணைய ஆய்வகம் 25 பெரிய சர்வர்களின் பதிவுகளை இரண்டு நாள் சோதித்தபோது, ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட இத்தகைய படங்களோடு 112 பொருத்தங்கள் கிடைத்தன. நகலெடுத்து வைக்கும் வழக்கத்தால் அப்படிப்பட்ட படம் உங்கள் டிஸ்கிலும் வந்து உட்காரலாம்.

படத்தை இறக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். சக மாடரேட்டருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். பதிவின் முகவரி, கணக்கின் பெயர், நேரம் மூன்றையும் எழுத்தில் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கை இடைநீக்கம் செய்யுங்கள். அதன் மீடியா நகல்கள் பொதுப் பார்வையிலிருந்து மறையும். முன்னால் சி.டி.என். (பல இடங்களில் நகல் வைத்துத் தரும் சேவை) அல்லது என்ஜின்எக்ஸ் கேஷ் இருந்தால் அங்கே தனி நகல் நிற்கும், அதையும் அழிக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ போலீஸிலோ உடனே புகார் பதியுங்கள். பதிவிட்டது உங்கள் உறுப்பினராக இருந்தால், இடைநீக்கத்தோடு கணக்கு பொதுப் பார்வையிலிருந்து மறையும். தரவு 30 நாள் சர்வரில் இருக்கும். அந்த அவகாசத்துக்குள் போலீஸின் வழிகாட்டுதலைப் பெறுங்கள்.

சட்டநிலை குறித்துப் பலர் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். இத்தகைய படத்தை இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று அதை ரத்து செய்தது. இடைநிலைத் தளங்கள் போக்சோ சட்டப்படி புகார் செய்யாவிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பிற நாட்டு வாசகர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தோடு, சர்வர் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மாஸ்டடானின் 500 எழுத்து வரம்பில் தமிழுக்கு நஷ்டம்தானே? ஒவ்வொரு உயிர்மெய்யும் இரண்டாகக் கணக்காகுமே?
— புதுச்சேரி வாசகர்

ஆகாது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே மாஸ்டடான் எண்ணுகிறது. 'தமிழ்' என்பது 3 எழுத்துதான். இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 என்று கணக்கு. தமிழுக்குக் குறை தேடலில் இருக்கிறது: எலாஸ்டிக்சர்ச் அமைப்பு தமிழ் வேற்றுமை உருபுகளைப் பிரிப்பதில்லை. 'மதுரை' என்று தேடினால் 'மதுரையில்' வராது. ஹேஷ்டேக் போடும் பழக்கத்தை உறுப்பினர்களிடம் வளர்ப்பது நல்லது.

சர்வரை இனி நடத்த முடியாத நிலை. எப்படி மூடுவது?
— ஈரோடு வாசகர்

உறுப்பினர்களுக்கு மூன்று மாத அவகாசம் கொடுங்கள். அறிவிப்பன்றே புதிய உறுப்பினர் பதிவை அடைத்துவிடுங்கள். வேறு சர்வருக்குக் கணக்கை நகர்த்தும்போது பின்தொடர்பவர்கள் தானாகப் போய்ச் சேர்வார்கள். பழைய பதிவுகள் போகாது. தாங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க்குகள் ஆகியவற்றை சி.எஸ்.வி.யாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும். நகர்த்தும் செய்தியை அனுப்புவது உங்கள் சர்வர்தான் என்பதால், கடைசி ஆள் நகரும்வரை சைட்கிக் ஓட வேண்டும்.

பிறகு டூட்சிடிஎல் கருவியின் செல்ஃப் டிஸ்ட்ரக்ட் கட்டளை. தெரிந்த எல்லா சர்வர்களுக்கும் உங்கள் கணக்குகளை அழித்துவிடச் சொல்லிச் செய்தி போகும். தொடங்கினால் திரும்ப முடியாது. வரிசை காலியாகும்வரை இயந்திரத்தை அணைக்காதீர்கள். அது முடிந்ததும் வி.பி.எஸ்.ஸை விட்டுவிடலாம். டொமைனை மட்டும் இன்னும் ஓரிரு வருடம் புதுப்பித்து வையுங்கள். செய்தி போய்ச் சேராத சர்வர்கள் சில இருக்கும். அந்தப் பெயரை வேறொருவர் வாங்கினால், உங்கள் உறுப்பினர்களின் பழைய அடையாளத்தில் அவர்களிடம் பேசத் தொடங்கலாம்.